வாயால் சொல்வதும் கையால் எடுப்பதும்: மாத்திரைப் பாடங்கள் பற்றி ஒரு விமர்சனம்

"மருந்துகளைத் தவறாமல் உட்கொள்ளுங்கள்." இந்த வாக்கியத்தைச் சுவரில் படிக்காதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து யாருடைய மாத்திரைப் பழக்கமாவது மாறியதா என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் தயங்க வேண்டியிருக்கும்.

முதியவர்களுக்கு மருந்து சாப்பிடக் கற்றுக்கொடுப்பது இன்று உலகம் முழுக்க ஒரு தனித் துறையாக வளர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடக் காணொளி, படம் போட்ட அட்டை, தொலைபேசியில் வரும் குரல் செய்தி, வாட்ஸ்அப்பில் வரும் துணுக்கு என்று எல்லாமே 'சிறு பாடம்' என்ற வடிவத்தில் வருகின்றன. இவற்றின் அடியில் ஒரு தர்க்கம் இருக்கிறது: "முதியவர்கள் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்." இந்த 'ஆகவே' என்ற ஒரு சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கப் போகிறேன். சிறு பாடங்கள் வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. வேண்டும்தான். ஆனால் இப்போது நாம் பாடம் என்று நடத்துகிற பெரும்பாலானவை பாடமே இல்லை, அறிவிப்பு. இரண்டுக்கும் உள்ள தூரம், வயசான ஒரு உடம்பில் மயக்கமாகவும் பக்கவாதமாகவும் வந்து முடியும்.

ஏன் அருப்புக்கோட்டையில் வைத்துப் பேசுகிறேன்

எங்கள் ஊர்ப்பக்கம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இன்று தமிழ்நாடு முழுக்க அரசு மருத்துவமனைகளில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் தனியாக நடக்கிற தொற்றா நோய்ப் பிரிவுக்கு முன்னோட்டம் பார்த்த இடங்களில் விருதுநகர் மாவட்டமும் ஒன்று. உலக வங்கி உதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், 2007-இல் தொடங்கி, இரத்தக் கொதிப்பு முன்னோடித் திட்டம் விருதுநகரிலும் சிவகங்கையிலும் நடந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்னோட்டம் தேனியிலும் தஞ்சாவூரிலும். அதில் கிடைத்த அனுபவத்தை வைத்துத்தான் 2012 முதல் மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. ஆக, இந்தக் கரிசல் காட்டுச் சனங்கள் 'பிரஷர் மாத்திரை' என்ற சொல்லை அரசாங்கத்தின் வாயிலாகக் கேட்க ஆரம்பித்து ஏறக்குறைய இருபது வருசம் ஆகப்போகிறது.

அடுத்து, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வாங்க நாள் முழுக்க வரிசையில் நின்ற நிலை மாறி, பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தார். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி. 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மட்டும் பஸ் எட்டிப்பார்க்கும் ஊர்களில், இது எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது ஒரு எண்ணிக்கை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. இதைப் பார்த்தவுடன் "பாத்தீங்களா, யாரும் மாத்திரை ஒழுங்காப் போடுறதில்லை" என்று சொல்லிவிடக் கூடாது. இந்த எண்ணுக்குள் பல வகை ஆட்கள் இருக்கிறார்கள்: நோய் இருப்பதே தெரியாதவர்கள், தெரிந்தும் சிகிச்சைக்கு வராதவர்கள், வந்தும் மருந்தின் அளவு போதாதவர்கள், கடைசியாக, மருந்து கையில் இருந்தும் முறையாகச் சாப்பிடாதவர்கள். பாடம் நடத்தி மாற்றக்கூடியது இந்தக் கடைசிக் கூட்டத்தில் ஒரு பகுதியை மட்டும். மற்றவர்களுக்கு வேண்டியது பரிசோதனையும் வைத்தியமும். இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'விழிப்புணர்வு' என்று மருந்து எழுதுவது முதல் தப்பு.

ஆனாலும் அந்தக் கடைசிக் கூட்டம் சின்னது இல்லை. மாத்திரை வாசல்படி வரைக்கும் வந்துவிட்டது. வாசல்படியிலிருந்து வாய்க்குள் போகிற அந்தச் சின்னத் தூரத்தில் என்ன நடக்கிறது? சிறு பாடத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

உலக சுகாதார நிறுவனம் 2003-இல் இந்த விசயத்தைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளிலேயே, நாட்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் முறையாகச் சாப்பிடுகிறார்கள் என்று அது சொன்னது. ஆகவே 'நம்ம சனங்களுக்குப் படிப்பில்லை, அதனால்தான்' என்ற பேச்சை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். படித்த நாட்டிலும் பாதிதான்.

2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 182 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் குறை மிகக் குறைவாக நடத்தப்பட்டவை 17. அந்த 17-லும், மருந்து சாப்பிடும் பழக்கம், நோயின் நிலை என்று இரண்டிலும் முன்னேற்றம் காட்டியவை வெறும் 5. அப்புறம் 2020-இல், பல மருந்துகள் சாப்பிடும் முதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னொரு காக்ரேன் தொகுப்பாய்வு வந்தது: 50 ஆய்வுகள், 14,269 பேர். அதன் சாரத்தை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: பழக்கத்தை மாற்றுகிற ஏற்பாடுகளும், பாடமும் பழக்கமும் கலந்த ஏற்பாடுகளும் ஓரளவு பலன் தரலாம், வெறும் பாடம் மட்டும் நடத்தினால் பலன் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் வகைக்கே சான்று திடமானதாக இல்லை, பாடத்துக்கோ அதைவிடவும் பலவீனம்.

இதைப் படித்துவிட்டு 'அப்ப பாடமே வீண்' என்று முடிவுகட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தத் தொகுப்பாய்வுகளில் பாடம் என்று எண்ணப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். ஒரு துண்டுப் பிரசுரமும் பாடம்தான், மருந்தாளுநர் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியதும் பாடம்தான். உப்புமாவையும் விருந்துச் சாப்பாட்டையும் ஒன்றாகக் கூட்டி, 'சாப்பாட்டால் பசி தீருமா என்பது உறுதியில்லை' என்று சொல்வது போல இருக்கிறது அது. எந்தப் பாடம், யாருக்கு, எதைப் பற்றி என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும்போது எனக்கு ரொம்ப உதவியது 2006-இல் அமெரிக்காவில் டெர்ரி டேவிஸ், மைக்கேல் வுல்ஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 395 பேரிடம் மருந்துக் குப்பியின் மேல் ஒட்டிய குறிப்புகளைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். "ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை, தினமும் இரண்டு வேளை" என்பது ஒரு குறிப்பு. எழுத்தறிவு குறைந்தவர்களில் 70.7 விழுக்காட்டினர் அதை வாயால் சரியாகச் சொல்லிவிட்டார்கள். "சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடுத்துக் காட்டுங்கள்" என்றபோது சரியாக எடுத்தவர்கள் 34.7 விழுக்காடு. வாய் சொன்னதைக் கை செய்யவில்லை. பாடம் நடத்துகிற நாமெல்லாம் சோதிப்பது எதை? வாயைத்தான்.

இதே வுல்ஃப் குழுவின் 2011 ஆய்வு ஒன்றும் உண்டு. 55 முதல் 74 வயதுள்ள 464 பேரிடம் ஏழு மருந்துகளைக் கொடுத்து, "ஒரு நாளில் இவற்றை எப்போதெப்போது சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டார்கள். நாலு வேளையில் முடிக்கக்கூடிய மருந்துகள்தான். சராசரியாக ஆறு வேளையாகப் பிரித்தார்கள். நாலு வேளைக்குள் அடக்கியவர்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு மருந்தின் குறிப்பும் தனித்தனியே புரிந்தாலும், எல்லாம் சேர்ந்த ஒரு நாள் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

பாடத்தில் இருக்கும் நாளும் இங்கே நடக்கிற நாளும்

மருந்துச் சீட்டில் '1-0-1' என்று போடுகிறார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 'சாப்பாட்டுக்கு முன்', 'சாப்பாட்டுக்குப் பின்'. இந்தக் குறிப்புக்குள் ஒரு நாள் ஒளிந்திருக்கிறது: காலை எட்டு மணிக்கு இட்லி, மதியம் ஒரு மணிக்குச் சோறு, ராத்திரி எட்டு மணிக்குப் பலகாரம். அது ஆபீஸ் போகிறவருடைய நாள்.

அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் மல்லிகை பறிக்கப் போகிற அம்மாவின் நாள் விடியுமுன் தொடங்கும். பூ மொட்டாக இருக்கும்போதே சந்தைக்குப் போயாக வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெரியவர்கள் காலையில் ஒரு காப்பித்தண்ணியோடு கிளம்பி, களத்தில் பேர் கொடுத்து, வேலை கொஞ்சம் பார்த்த பிறகுதான் தூக்குவாளியைத் திறப்பார்கள். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலையில் நேரம் என்பதே புகையைப் பொறுத்தது. தறிக்காரர் வீட்டில் பாவு முடியும்போதுதான் சாப்பாடு.

இந்த நாட்களில் 'காலை' என்றால் எது? 'சாப்பாட்டுக்கு முன்' என்றால் எவ்வளவு முன்? இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சர்க்கரைக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் மெட்பார்மின் ஒரு வகை. சாப்பாட்டோடோ சாப்பிட்ட பிறகோ போட்டால் வயிற்றுக் கோளாறு குறையும். அதை மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வேறு குடும்பம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சர்ரென்று இறங்கும்: கை நடுக்கம், வேர்வை, மயக்கம். வெயிலில் மண்வெட்டி பிடித்து நிற்கும் 65 வயது அம்மாவுக்கு அது வந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் 'வெயில் தாங்கலை' என்று நிழலில் உட்கார வைப்பார்கள். சர்க்கரை இறங்கியது என்று தோன்றாமலே போகலாம். காலையில் 'தவறாமல்' மாத்திரை போட்டதால் வந்த வினை அது. "தவறாமல் சாப்பிடுங்கள்" என்ற பாடத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர்.

இதையே பங்குனிப் பொங்கலுக்கு விரதம் இருக்கிறவர்களுக்கும் பொருத்திப் பாருங்கள். விரதத்தன்று எந்த மாத்திரையை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்று கேட்டால் திட்டுவார்கள் என்று நினைத்து, யாரும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள், அல்லது வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் விழுங்குகிறார்கள்.

தெரியாமல் விடுவது, தெரிந்தே விடுவது

மருந்தை விடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மறதி, குழப்பம்: தெரியாமல் விடுவது. மற்றது யோசித்து, ஒரு காரணத்தோடு விடுவது. நம் பாடங்கள் எல்லாம் முதல் வகையை மட்டுமே மனதில் வைத்து எழுதப்படுகின்றன. சில வருசமாக வயசானவர்களிடம் நான் பேச்சுவாக்கில் கேட்டு எழுதி வைத்த காரணங்களில் பாதிக்கு மேல் இரண்டாம் வகை. சிலவற்றைத் தருகிறேன்.

"பஸ்ஸுல போற அன்னைக்கு அந்த மாத்திரையப் போடுறதில்ல." நீர் பிரிக்கும் மாத்திரை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போகும் வழியில் ஒரு வயசான அம்மா எங்கே இறங்குவார்?

"கால் வீங்குது, அதான் நிறுத்திட்டேன்." ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். அது மருந்தால் வருவது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார் என்று யாரும் சொல்லவில்லை.

"வறட்டு இருமல் விடவே மாட்டேங்குது." எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வரும். அவர் பிரஷர் மாத்திரையையும் விடாமல், அதற்கு மேல் மருந்துக்கடையில் இருமல் டானிக்கும் வாங்கிக் குடிக்கிறார்.

"நோட்டுல நார்மல்னு எழுதிட்டாங்க. அப்புறம் எதுக்கு?" காய்ச்சல் விட்டால் மாத்திரையை விடுகிற தர்க்கம் இது. தப்பான தர்க்கம் என்று ஒதுக்க முடியாது. நாம் ஆயுள் முழுக்கச் சாப்பிட்ட மற்ற மாத்திரைகள் அப்படித்தானே நடந்தன? மாத்திரை இருப்பதால்தான் நார்மல் என்பதை ஒருவர் உட்கார்ந்து விளக்காதவரை, நிறுத்துவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். அதிலும் அட்டெனலால் போன்ற மருந்தைத் திடீரென்று நிறுத்துவது நிறுத்தியவருக்கே ஆபத்து.

"தலை சுத்துறப்ப போட்டுக்குவேன்." "அவருக்கும் பிரஷர்தான், எனக்கு வர்றதுல ரெண்டு குடுப்பேன்."

இவர்களில் ஒருவரும் மறதிக்காரர் இல்லை. ஒவ்வொருவரும் தன் உடம்பைக் கவனித்து, தன் நாளைக் கணக்குப் பார்த்து, ஒரு முடிவு எடுத்தவர்கள். இவர்களுக்குப் போய் 'ஞாபகப்படுத்தும் மணி' அடிப்பது பயனற்றது. கொஞ்சம் அவமானமும்கூட.

ஒரே மாத்திரை, இரண்டு பேர், மூன்று நிறம்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் மாத்திரையை எப்படி அடையாளம் காண்கிறார்? நிறம், வடிவம், அட்டையின் பளபளப்பு. "வெள்ளை வட்டம் காலைக்கு, ரோஸ் ராத்திரிக்கு." இது கெட்டிக்காரத்தனமான முறை. ஆனால் இதை உடைக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. அரசு மருத்துவமனை மருந்துகளை வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவானது. ஒப்பந்தப்புள்ளி வழியாக மொத்தமாக, மலிவாக, மூல மருந்துப் பெயரில் வாங்குகிற அந்த முறை நாடு முழுக்கப் பாராட்டப்பட்டது, நியாயமாகவே. ஆனால் ஒப்பந்தம் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் தோற்றமும் மாறலாம். மருந்து அதேதான். கிழவிக்கு மட்டும் அது வேறு மாத்திரை.

இது அற்ப விசயம் இல்லை என்பதற்கு 2014-இல் ஆரன் கெசல்ஹைம் குழுவினர் அமெரிக்காவில் செய்த ஆய்வு சாட்சி. மாரடைப்புக்குப் பின் மருந்து சாப்பிடுகிறவர்களில், மாத்திரையின் நிறம் மாறிய பிறகு மருந்தை நிறுத்துவதற்கான வாய்ப்பு விகிதம் 34 விழுக்காடு கூடியிருந்தது. வடிவம் மாறினால் 66 விழுக்காடு. அது படித்த ஊர், பெயரை வாசிக்கத் தெரிந்தவர்கள். இங்கே அட்டையில் பெயர் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வருவது. தன்னார்வலர் கொண்டுவந்தது ஆம்லோடிபின். திருப்பூரிலிருந்து வந்த மகன் தனியார் டாக்டரிடம் காட்டி வாங்கிக் கொடுத்ததும் ஆம்லோடிபின்தான், ஆனால் கம்பெனிப் பெயரில். இரண்டும் 'பிரஷர் மாத்திரை'. இரண்டையும் போட்டால் நல்லது கூடும் என்ற நினைப்பு. இதோடு மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சேர்த்துக் கட்டித் தருகிற மாத்திரை. அதில் டைக்ளோபினாக் போன்ற வலி நிவாரணி இருந்தால், அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். பிரஷருக்கு எனலாப்ரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கு, கத்திரி வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடித்தால், ஆபத்து இன்னும் கூடும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் இந்த வலி மாத்திரை பதிலில் வராது. அது 'மருந்து' கணக்கில் இல்லை, 'வலிக்குப் போடுறது'.

அப்படியென்றால் பாடம் எப்படி இருக்கணும்?

குறை சொல்லிவிட்டுப் போவது விமர்சனம் ஆகாது. என் பார்வையில் நல்ல சிறு பாடத்துக்கு நாலு குணம் வேண்டும்.

முதலாவது, பாடம் மாத்திரையிலிருந்து தொடங்கக் கூடாது, அந்த ஆளுடைய நாளிலிருந்து தொடங்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுத்து அவர்களுக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அது அவர்கள் வாழ்க்கைக்குள் வந்து, போகவேண்டிய இடத்துக்குப் போக உதவியது. மாத்திரைப் பாடத்துக்கும் அதே விதிதான்.

இரண்டாவது, ஒரு தடவைக்கு ஒரே ஒரு விசயம். கேட்டவுடனேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்பது மருத்துவ ஆலோசனை பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. தன்னார்வலர் மாதாமாதம் வரத்தான் போகிறார். ஒரே நாளில் உப்பு, எண்ணெய், நடைப்பயிற்சி, மாத்திரை, கால் பராமரிப்பு என்று எல்லாவற்றையும் கொட்டுவானேன்? இந்த மாதம் 'சாப்பிடாத அன்னைக்கு எதைப் போடக் கூடாது'. அடுத்த மாதம் 'நிறம் மாறினா என்ன செய்யணும்'. அதற்கடுத்து 'வலி மாத்திரை'. பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு. சிறு பாடம் என்ற வடிவத்தின் பலமே அது திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை ஒழிக்க வேண்டும். அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: "புரிஞ்சுது தாயி." மரியாதைக்காகச் சொல்வது. 2003-இல் டீன் ஷில்லிங்கர் குழுவினர் சான்பிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளிடம் டாக்டர்கள் பேசியதைப் பதிவு செய்து பார்த்தார்கள். புதிதாகச் சொன்ன 124 விசயங்களில், நோயாளிக்கு ஏறியதா என்று டாக்டர் திருப்பிக் கேட்டுப் பார்த்தது 15 மட்டும். அப்படிக் கேட்கப்பட்டவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது. சின்ன ஆய்வுதான், அதை மட்டும் வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் டேவிஸ் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் வழி தெளிவாகிறது: திருப்பிச் சொல்லச் சொல்வதோடு நிறுத்தாமல், எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பத்தா, வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையும் கொண்டாங்க. வலிக்குப் போடுறது, மகன் வாங்கித் தந்தது, எல்லாமே. நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க, நான் பாக்கிறேன்."

"காப்பித்தண்ணி குடிச்சுட்டு இந்தச் சின்னதைப் போடுவேன்."

"போட்டு எம்புட்டு நேரங் கழிச்சுச் சாப்பிடுவீங்க?"

"வேலைக்குப் போயி, பத்து மணிக்கு மேலதான் வாளியத் தெறக்கிறது."

"அப்ப இது வாளியோடயே வரட்டும் அப்பத்தா. தெறக்கிறப்ப போடுங்க. அடுத்த தடவை நர்சம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுருவோம்."

முழுசாக அஞ்சு நிமிசம் ஆகாது. இதில் பாடம் எங்கே இருக்கிறது? கேள்வியில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தது ஒரு வரி. கற்றுக்கொண்டது இரண்டு பேரும்.

நாலாவது, பாடத்தின் முடிவு மேலே போக வேண்டும். கால் வீக்கம், இருமல், நிறம் மாறிய குழப்பம், இரட்டை மாத்திரை, இவையெல்லாம் அப்பத்தா திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள் இல்லை. டாக்டரும் மருந்தாளுநரும் மாற்ற வேண்டியவை. மேலிருந்து கீழே மட்டும் ஓடுகிற பாடம் பாதிப் பாடம். தன்னார்வலரின் நோட்டில் 'மாத்திரை கொடுத்தாச்சு' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஏன் விடுகிறார்' என்று இன்னொரு கட்டம் இருந்தால், மூன்றே மாதத்தில் அந்த வட்டாரத்து டாக்டருக்கு எந்த மருந்தை ஏன் சனங்கள் ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

எதிர்க்கேள்விகள்

"தன்னார்வலருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. இதையும் எப்படிச் சுமப்பார்?" நியாயமான கேள்வி. அவர் வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர். வாங்குவது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. புதுப் பொறுப்பைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டு, பலன் வராவிட்டால் அவரையே குறை சொல்வது அநியாயம். ஒன்று அவருடைய வேலையில் சிலதைக் குறைக்க வேண்டும், அல்லது இந்த அஞ்சு நிமிசத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். பாடத்துக்குச் செலவே இல்லை என்று நினைப்பவர்கள் நடத்துகிறவரின் நேரத்தைக் கணக்கில் வைப்பதில்லை.

"காணொளி அனுப்பினால் போதாதா?" தன்னார்வலருக்கு நினைவூட்ட, பேரப்பிள்ளைக்கு விளக்கக் காணொளி நல்லது. ஆனால் காணொளி அப்பத்தாவைக் கேள்வி கேட்காது. தூக்குவாளி பற்றி அதற்குத் தெரியாது.

"பாடம் நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?" ஆகாது. சப்ளை நின்ற மாதத்தில் எந்தப் பாடமும் உதவாது. முதியோர் உதவித்தொகையில் ஓடும் வீட்டில், வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள் என்பது பாடம் இல்லை, கேலி. வறுமைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அறிவுரை சொல்லித் தீர்க்கப் பார்த்தால், கடைசியில் பழி நோயாளி மேல் விழும். "எவ்வளவு சொல்லியும் கேக்க மாட்டேங்குறாங்க" என்ற வாக்கியம் எங்கெல்லாம் கேட்கிறதோ, அங்கெல்லாம் சொன்னது என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு திட்டத்தில் முதியவர்களுக்குப் பாடம் நடத்தியதாக அறிக்கை வந்தால், இனிமேல் நான் 'எத்தனை பேருக்கு நடத்தினார்கள்' என்ற எண்ணைப் பார்க்கப் போவதில்லை. மூன்று கேள்விகள் போதும். பாடம் முடிந்தபின் எத்தனை பேரை மாத்திரையை எடுத்துக் காட்டச் சொன்னார்கள்? அவர்கள் சொன்ன காரணங்களில் எத்தனை டாக்டரின் மேசைக்குப் போயின? அதனால் எத்தனை சீட்டுகளில் மருந்து மாறியது? மூன்றாவது எண் பூஜ்யமாக இருந்தால், அங்கே பாடம் நடக்கவில்லை. அறிவிப்புதான் நடந்திருக்கிறது.